எறும்பும் சமன்பாடும்: ஏற்காட்டிலிருந்து ஒரு மெக்சிகோ புத்தகத்தை வாசித்தல்

இவெட் பெர்ஃபெக்டோவும் ஜான் வாண்டர்மீரும் சேர்ந்து எழுதிய 'காஃபி அக்ரோஇகாலஜி' 2015ல் வந்த புத்தகம். மெக்சிகோவின் தென்கோடியில், சியாபாஸ் மாநிலத்தில் ஒரு காப்பி எஸ்டேட். அதற்குள் எறும்பு, செதில் பூச்சி, பொறிவண்டு, பூஞ்சை, ஒரு குட்டி ஈ. இவை ஒன்றை ஒன்று எப்படிப் பிடித்து வைத்திருக்கின்றன என்பதைக் கணிதத்தாலும் கணினியாலும் விளக்கப் பார்க்கிறார்கள். முதல் தடவை கணிதத்துக்காகப் படித்தேன். இப்போது ஏற்காட்டை மனசில் வைத்துக்கொண்டு இரண்டாம் தடவை படித்து முடித்திருக்கிறேன். இந்தக் குறிப்பு இரண்டாவது வாசிப்பைப் பற்றியது.

நான் உயிரியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். சேர்வராயன் மலை எனக்கு வார இறுதி. ஆனால் யாராவது ஒரு மாடலை நீட்டினால் அதை ஓட்டிப் பார்க்காமல் விட மனசு வராது. தொழில் புத்தி.

ஏன் ஏற்காட்டை வைத்துப் படிக்க வேண்டும்? சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டு வந்தார். கிட்டத்தட்ட இருநூறு வருஷமாக இங்கே காப்பி மரத்தடியில்தான் வளர்கிறது. மெக்சிகோ எஸ்டேட்டிலும் அதே அராபிகா, அதே நிழல் மரம், அதே சரிவு. இங்கே நிழல் மரம் என்றால் இன்றைக்குப் பெரும்பாலும் சில்வர் ஓக். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். சீக்கிரம் வளரும், நேராக வளரும், மிளகுக் கொடி ஏற்றலாம், பணம் தேவைப்பட்டால் வெட்டி விற்கலாம். பலாவும் காட்டு மரங்களும் கலந்து நின்ற தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே மரத் தோட்டமாக மாறும்போது அடியில் என்ன நடக்கிறது என்று கேட்டால், ஆளுக்கு ஒரு பதில் வருகிறது. அந்தக் கேள்வியை இருபது வருஷத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் எழுதிய புத்தகம் இது. அதனால்தான்.

சரி, கதைக்கு வருவோம்.

ஃபின்கா இர்லாண்டா என்ற அந்த எஸ்டேட்டில் அஸ்டெகா என்றொரு எறும்பு நிழல் மரங்களில் கூடு கட்டுகிறது. எல்லா மரத்திலும் இல்லை, நூற்றில் சில மரங்களில்தான். கூட்டுக்குப் பக்கத்துக் காப்பிச் செடிகளில் பச்சைச் செதில் பூச்சியை மேய்க்கிறது. நம் ஊர் எறும்பு மாவுப்பூச்சியை மேய்ப்பது போலத்தான்: தேன்போன்ற கழிவுக்காகக் காவல். இதைப் பார்க்கிற எந்த விவசாயியும் எறும்பை ஒழி என்றுதான் சொல்வார். எறும்பு போனால் பூச்சிக்குக் காவல் போய்விடும், இல்லையா?

புத்தகம் இங்கேதான் சுவாரஸ்யமாகிறது. செதில் பூச்சியைத் தின்னும் பொறிவண்டு ஒன்று இருக்கிறது. வளர்ந்த வண்டை எறும்பு விரட்டிவிடும். ஆனால் வண்டின் புழு உடம்பு முழுக்க மெழுகு இழை. எறும்பு கடித்தால் வாயில் மெழுகுதான் ஒட்டும். ஆக எறும்புக் காவலுக்குள்ளேயே புழு உட்கார்ந்து செதில் பூச்சியை வயிறாரத் தின்கிறது. அதன் எதிரிகளையும் எறும்பே விரட்டிக் கொடுக்கிறது. அந்தக் காவலுக்குள் வண்டு முட்டை இடுவது எப்படி? ஃபோரிட் ஈ என்று ஒன்று எறும்பின் உடம்பில் முட்டை வைக்க வரும். ஈ வந்தால் எறும்புகள் அப்படியே உறைந்து நிற்கும். அந்த இடைவெளியில் வண்டு வேலையை முடித்துவிடும். இதோடு விடவில்லை. எறும்புக் காவலில் செதில் பூச்சி நெருக்கமாகப் பெருகும்போது அதன் மேல் ஒரு வெள்ளைப் பூஞ்சை பரவும். அதே பூஞ்சை காப்பியின் பெரிய எதிரியான இலைத்துரு நோயின் பூஞ்சையையும் தாக்கும்.

அதாவது, எஸ்டேட்டில் பூச்சி அதிகம் தெரிகிற அந்தச் சில மூலைகள்தான் மீதி எஸ்டேட்டுக்கு வண்டையும் பூஞ்சையையும் வளர்த்துக் கொடுக்கும் நாற்றங்கால். மூலையைச் சுத்தம் செய்தால் முழுத் தோட்டத்துக்கும் காவல் போகும் என்பது இவர்களின் வாதம்.

கணிதம் எங்கே வருகிறது? எறும்புக் கூடுகள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. 45 ஹெக்டேரில் ஒவ்வொரு நிழல் மரத்தையும் வரைபடத்தில் குறித்து, கூடு இருக்கிறதா இல்லையா என்று வருஷா வருஷம் பார்த்திருக்கிறார்கள். மரங்கள் ஓரளவு சீராக நடப்பட்டவை. பிறகு கூடு மட்டும் ஏன் கொத்தாக இருக்கிறது? ஆலன் டூரிங் 1952ல் விலங்கின் தோலில் புள்ளியும் கோடும் வருவதை விளக்கச் சொன்ன யோசனையை இங்கே கொண்டு வருகிறார்கள். கூடு பக்கத்து மரத்துக்குப் பரவுவது தூண்டும் சக்தி. கொத்து பெரிதானால் ஃபோரிட் ஈ தேடி வந்து அழிப்பது தடுக்கும் சக்தி. இந்த இரண்டு விதி போதும், கொத்துகள் தானாக வரும். இதை பிலிப்பாட்டோடு சேர்ந்து 2008ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

நான் இதை பைத்தானில் நூறு வரிக்குள் எழுதி ஓட்டினேன். கட்டம் போட்ட ஒரு தோட்டம், கட்டத்துக்கு ஒரு மரம். ஒவ்வொரு சுற்றிலும் கூடுள்ள மரம் பக்கத்து மரத்துக்குப் பரவ ஒரு வாய்ப்பு. கூடு சாக ஒரு வாய்ப்பு. பக்கத்தில் கூடுகள் அதிகமிருந்தால் சாவு வாய்ப்பும் அதிகம். கொத்துகள் அழகாக வந்தன. எண்களைக் கொஞ்சம் மாற்றினாலும் வருகின்றன. கட்டுரை சொல்வது அதைத்தான்: இந்த ஒழுங்கு ஒரு குறிப்பிட்ட எண்ணில் மட்டும் தோன்றுகிற அதிர்ஷ்டம் இல்லை, ஒரு பரந்த எல்லைக்குள் நிற்கிறது.

ஆனால் தொழில் புத்தி விடவில்லை. ஈயைத் தூக்கிவிட்டு, எல்லாக் கூட்டுக்கும் ஒரே சாவு வாய்ப்பு என்று வைத்து ஓட்டினேன். பரவலும் சாவும் ஏறக்குறையச் சமமாகி, எறும்பு மொத்தமாக அழியப்போகும் விளிம்பில் கொத்துகள் வந்தன. மூன்றாவதாக, பரவலே வேண்டாம், சில மரங்கள் மட்டும் எறும்புக்குப் பிடித்தவை, அவை தோட்டத்தில் திட்டுத் திட்டாக இருக்கின்றன என்று வைத்தேன். கொத்து வந்தது. மூன்று படத்தையும் பெயர் போடாமல் வரிசையாக வைத்தால் எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இது பழகிய விஷயம். இரண்டு புரோகிராம் ஒரே அவுட்புட் தருகிறது என்பதால் உள்ளே ஒரே கோட் இருக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டோம்.

இந்த இடத்தில் கட்டுரையின் தன்னம்பிக்கை எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. கொத்துகளின் அளவுகளை வரைந்தால் லாக் அச்சில் நேர்கோடு வருகிறது என்பதை ஒரு முக்கியச் சான்றாக வைக்கிறார்கள். அடுத்த வருஷமே, 2009ல், கிளாசெட், ஷாலிசி, நியூமன் மூவரும் அப்படி நேர்கோடு தெரிவது எவ்வளவு பலவீனமான சான்று என்று நீளமாக எழுதிவிட்டார்கள். வேறு பல பரவல்களும் அதே மாதிரி நேராகத் தோன்றும்.

அப்படியானால் மாதிரியைத் தூக்கி எறிய வேண்டியதுதானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம், என் மூன்று புரோகிராம்களும் வேறு வேறு விஷயங்களைக் களத்தில் தேடச் சொல்கின்றன. முதலாவது சரியென்றால், பெரிய கொத்தின் நடுவில் உள்ள கூடு தனிக் கூட்டைவிடச் சீக்கிரம் சாக வேண்டும். இரண்டாவது சரியென்றால் அந்த வித்தியாசம் இருக்கக் கூடாது. மூன்றாவது சரியென்றால் கொத்துகள் வருஷா வருஷம் அதே இடத்தில் இருக்க வேண்டும், இடம் மாறக் கூடாது. மரம் மரமாக எண்ணி வைத்திருக்கிறவர்களால் இதைச் சோதிக்க முடியும். 45 ஹெக்டேர் பட்டியல் இருப்பதால்தான் அவர்கள் சமன்பாட்டோடு சண்டை போடவே நமக்கு வழி கிடைக்கிறது. புத்தகத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவது சமன்பாடுகளைவிட அந்தப் பட்டியல்தான்.

ரிச்சர்ட் லெவின்ஸ் 1966ல் ஒரு கட்டுரை எழுதினார். பொதுத்தன்மை, யதார்த்தம், துல்லியம் மூன்றையும் ஒரே மாதிரியில் அடைய முடியாது, ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். (லெவின்ஸ் கொஞ்ச காலம் புவேர்ட்டோ ரிக்கோவில் விவசாயம் பார்த்தவர். அந்த வாசனை கட்டுரையில் இருக்கிறது.) வாண்டர்மீர் அந்த வழியில் வந்தவர். துல்லியத்தை விட்டுக்கொடுக்கிறார். அதனால் புத்தகத்தில் எங்கேயும் ஏக்கருக்கு எத்தனை மரம் வேண்டும் என்ற எண் இல்லை.

இலைத்துரு அத்தியாயத்தில் இது உறுத்துகிறது. 2012-13ல் மத்திய அமெரிக்காவில் துரு நோய் பெரிய அளவில் அடித்தது. அதன் பிறகு இவர்கள் முன்வைத்த மாதிரி சொல்வது இது: நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால் ரொம்ப நாள் ஒன்றுமே நடக்காது. ஓர் எல்லை தாண்டியதும் நோய் சட்டென்று உச்சத்துக்குப் போகும். பிறகு மரத்தைத் திரும்ப நட்டாலும் அதே வழியில் இறங்காது, இன்னும் நிறையத் தூரம் பின்னால் போனால்தான் இறங்கும். கேட்கும்போது உடனே நம்பத் தோன்றும். சிலோனில் 1869ல் துரு நோய் வந்து, அந்தத் தீவே காப்பியிலிருந்து தேயிலைக்கு மாறிய கதை நமக்குத் தெரியும், அதற்கு ஒரு விளக்கம் கிடைத்த மாதிரி இருக்கும்.

ஆனால் நிழலுக்கும் துருவுக்கும் உள்ள உறவு ஒரே திசையில் போவதில்லை. நிழலில் இலை ஈரம் காயாது, துருவின் வித்துகள் முளைக்க ஈரம் வேண்டும், ஆகவே நிழல் நோய்க்கு உதவும். அதே நிழல் காற்றைத் தடுத்து வித்துகள் பறப்பதைக் குறைக்கும். காய்ச்சுமையைக் குறைத்துச் செடியைத் தெம்பாக வைக்கும். வெள்ளைப் பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும். இத்தனையும் சேர்ந்து நிகரமாக எந்தப் பக்கம் சாயும் என்பது மழையையும் உயரத்தையும் பொறுத்தது. மாதிரியில் இதெல்லாம் ஒரே ஒரு அளவுக்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. சிந்தனையைப் பழக்க இந்த மாதிரி உதவும் என்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லை ஒன்று இருக்கிறது, அது எங்கே என்று சொல்ல மாட்டேன் என்பது நேர்மையாக இருக்கிற அளவுக்கு வசதியாகவும் இருக்கிறது. எல்லையே தெரியாத எச்சரிக்கையை எந்தத் தோட்டக்காரரும் பின்பற்ற முடியாது.

புத்தகத்தில் இன்னொரு ஆள் குறைகிறார்: முதலாளி. நிலச் சீர்திருத்தம், சந்தை, சிறு விவசாயி பற்றியெல்லாம் அத்தியாயங்கள் உண்டு, ஆசிரியர்களுக்கு அரசியல் தெரியாமல் இல்லை. ஆனால் சமன்பாட்டுக்குள் அது வருவதில்லை. மாதிரியில் மரம் நிற்கிறது, எறும்புதான் நகர்கிறது. ஏற்காட்டில் மரமும் நகர்கிறது. தடி விலை ஏறினால் சில்வர் ஓக் விழும். காப்பி விலை இறங்கினால், ஆள் கிடைக்காவிட்டால், கவாத்து நிற்கும், உண்ணிச்செடி ஏறும். பக்கத்து எஸ்டேட் மனையாகி ரிசார்ட் வரும். எறும்புக் கொத்து உருவாகும் வேகத்தைவிட இந்த மாற்றங்கள் வேகமாக நடந்தால், தானாக உருவாகும் ஒழுங்கு உருவாக நேரமே இருக்காது. ஒரே முதலாளியின் இயற்கை வேளாண் தோட்டத்தில், அமைதியான வருஷங்களில் எழுதிய மாதிரி இது. அந்த அமைதியே மாதிரியின் ஒரு அனுமானம். அதைத் தெளிவாக எழுதியிருக்கலாம்.

இவ்வளவு குறை சொன்னாலும், இந்தப் புத்தகத்தை இன்னொரு வகை மாதிரியின் பக்கத்தில் வைத்தால் அதன் உயரம் தெரியும். நம் மலைகளைப் பற்றி இப்போது அதிகம் வருவது இந்த இன்னொரு வகைதான்: வாழிட வரைபடம். ஓர் உயிரினம் தென்பட்ட இடங்களின் பட்டியலை எடு. வேர்ல்ட்கிளைம் தளத்திலிருந்து வெப்பம், மழை சார்ந்த 19 அடுக்குகளை இறக்கு. மேக்ஸ்என்ட் என்ற மென்பொருளில் போடு. சிவப்பு, மஞ்சள், நீலத்தில் ஒரு படம் வரும். ஏயூசி 0.9 என்று ஓர் எண் வரும். கட்டுரை தயார். மென்பொருளைக் குறை சொல்லவில்லை. பிலிப்ஸ், ஆண்டர்சன், ஷபைர் 2006ல் அதை அறிமுகப்படுத்திய கட்டுரை மிக ஒழுங்கானது. பழக்கத்தில் அது ஆகியிருப்பதைத்தான் சொல்கிறேன்.

சேலத்திலிருந்து மலைப்பாதையில் ஏறியவர்களுக்கு இது உடனே புரியும். அந்த அடுக்குகளில் ஒரு கட்டம் என்பது சுமார் ஒரு கிலோமீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவில், அந்த ஒரு கிலோமீட்டருக்குள் காய்ந்த முள்காடும் குளிர்ந்த சோலை விளிம்பும் அடங்கிவிடும். கணினிக்கு இரண்டும் ஒரே வெப்பம், ஒரே மழை. உயிரினம் தென்பட்ட இடங்களைப் பார்த்தால் பாதிக்கு மேல் ரோட்டோரமாக இருக்கும், மனுஷன் நடந்த இடத்தில்தானே பார்த்திருப்பான். மாதிரி கற்றுக்கொள்வது செடியின் விருப்பத்தையா, ரோட்டின் விருப்பத்தையா?

ஏயூசி எண்ணைப் பற்றி லோபோவும் மற்றவர்களும் 2008லேயே எச்சரித்தார்கள். ஒப்பிடும் பரப்பைப் பெரிதாக்கினால் எண் தானாக ஏறும். ஏற்காட்டுச் செடி ஒன்றைத் தமிழ்நாடு முழுக்க வைத்து மதிப்பிட்டால், ராமநாதபுரத்தில் அது இல்லை என்று சரியாகச் சொன்னதற்கும் மார்க் கிடைக்கும். இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஃபோர்காட், பெஸ்னார்ட், செகோண்டி 2018ல் செய்த விளையாட்டு. தட்பவெப்ப அடுக்குகளுக்குப் பதிலாகப் புகழ்பெற்ற ஓவியங்களை வரைபடம் மேல் விரித்து, அந்த வண்ணங்களை வைத்து உயிரினங்களின் பரவலைக் கணிக்க வைத்தார்கள். வழக்கமான அளவுகோலில் அந்த மாதிரிகளும் பல நேரம் நல்ல மார்க் வாங்கின. சிரிப்பாக இருக்கும், ஆனால் இந்த வரைபடங்களை நம்பித்தான் எங்கே காடு காக்க வேண்டும், எங்கே உண்ணிச்செடி பிடுங்கப் பணம் ஒதுக்க வேண்டும் என்று முடிவெடுக்கச் சொல்கிறார்கள்.

எறும்பு மாதிரி தப்பாக இருந்தால் அதைத் தப்பென்று காட்ட எந்த மரத்தடிக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். வண்ண வரைபடம் தப்பாக இருந்தால் எங்கே போவது? சிவப்புக் கட்டத்தில் செடி இல்லையென்றால், 'தகுந்த இடம்தான், இன்னும் வந்து சேரவில்லை' என்று பதில் வரும். நீலக் கட்டத்தில் இருந்தால் 'விதிவிலக்கு'. சாயங்காலம் எஸ்டேட் பாதையில் காட்டெருமை நிற்குமா என்று கேட்கிறவருக்கு, மலை முழுக்கச் சிவப்பு என்கிற படம் என்ன சொல்லிவிடும்?

ஏற்காட்டுக்கு இந்தப் புத்தகத்திலிருந்து எதை எடுத்து வரலாம்? உணவு வலையை அப்படியே எடுத்து வர முடியாது. அஸ்டெகா எறும்பு அமெரிக்கக் கண்டத்தது. நம் அராபிகாவின் முதல் எதிரி வெள்ளைத் தண்டு துளைப்பான், அது மெக்சிகோவில் இல்லை. அந்த வண்டு வெயில் படும் தண்டின் பட்டையில் முட்டை வைக்கும். அதனால் இங்கே நிழலுக்கு அங்கே இல்லாத ஒரு வேலை கூடுதலாக உண்டு, நிழல் பற்றிய எந்த மாதிரியும் அந்த வண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆனால் ஒரு பகுதி இரண்டு ஊருக்கும் பொது. பச்சைச் செதில் பூச்சி நம் காப்பியிலும் இருக்கிறது, எறும்பு அதை மேய்க்கிறது, அந்த வெள்ளைப் பூஞ்சையும் இருக்கிறது. மெக்சிகோ ஆய்வுகளுக்கு ரொம்ப முன்னால், 1978லேயே, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ஈஸ்வரமூர்த்தியும் ஜெயராஜும் இந்தப் பூஞ்சையைக் காப்பித் தோட்டத்துப் பச்சைச் செதில் பூச்சி மேல் தெளித்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். புத்தகத்தின் பெருங்கதையில் பாதி நம் பக்கத்திலேயே தொடங்கி, தொடராமல் நின்றிருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரியிடம் இந்த எறும்புக் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "பூச்சி இருக்கிற செடியில எறும்பு இருக்கும் சார், அது தெரிஞ்சதுதான். வெள்ளையாப் பூத்துப் பூச்சி செத்துக் கெடக்கறதும் பாத்திருக்கேன், மழை விட்டாப்புறம். ஆனா மருந்தடிச்ச பாத்தியில அத பாத்த ஞாபகம் இல்லீங்க."

அவர் மருந்து என்றது போர்டோக் கலவையை. துரு நோய்க்கு அடிக்கும் தாமிரம். தாமிரம் துருவின் பூஞ்சையை மட்டும் பார்த்துக் கொல்லாது, வெள்ளைப் பூஞ்சையையும் சேர்த்துத்தான் பாதிக்கும். வாண்டர்மீர் குழுவின் சந்தேகமும் இதேதான்: துருவுக்கு அடிக்கும் மருந்தே துருவின் எதிரியைக் கொல்கிறதோ? மேஸ்திரியின் ஞாபகம் சான்று ஆகாது. ஆனால் சோதிக்கக்கூடிய வாக்கியம் அது.

மருந்தடித்த பாத்தி பத்து, அடிக்காத பாத்தி பத்து. முடிந்தால் சில்வர் ஓக் மட்டும் நிற்கும் இடத்தில் பாதி, கலப்பு மரம் நிற்கும் இடத்தில் பாதி. பாத்திக்கு இருபது செடி, செடிக்கு நாலு கிளை. எறும்பு உண்டா, செதில் பூச்சி எத்தனை, வெள்ளை பூத்தது எத்தனை, துருப் புள்ளியுள்ள இலை எத்தனை. தென்மேற்கு மழை விட்டதும் ஒருமுறை, பழம் எடுக்கத் தொடங்கும் முன் நவம்பரில் ஒருமுறை. குனிந்து எண்ண ஆறேழு பேரும், செடிக்குச் செடி நம்பர் கட்ட அலுமினியத் தகடும் வேண்டும். மாடலை அதற்கப்புறம் எழுதிக்கொள்ளலாம். தோட்டம் வைத்திருக்கிற யாராவது இதைப் படித்து, அடுத்த சீசனில் பத்துப் பாத்தியை மருந்தில்லாமல் விடத் தயார் என்றால், நோட்டும் தகடும் நான் கொண்டு வருகிறேன்.